வெயில் தரும் விண்டோ பிரச்னை: ஜன்னலுக்கு ஒரு சன் கன்ட்ரோல் பிலிம்

விண்டோ என்று சொன்னவுடன் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மானிட்டரில் திறக்கும் விண்டோதான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. உங்கள் கம்ப்யூட்டர் டேபிளுக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கிறதே, அந்த நிஜமான ஜன்னலைப் பற்றியது. ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவின் கம்ப்யூட்டர் எனக்குப் பாடம் கற்றுத் தரும் வரை.

எங்கள் வீடு நாகர்கோவிலில் இருக்கிறது. நான் திருவனந்தபுரத்தில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பா ஓய்வு பெற்றதும் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கினார். தாத்தா காலத்து வயல் கணக்கு, குளத்துத் தண்ணீர் பங்கு வைத்த முறை, ஊர்த் திருவிழா நினைவுகள் எல்லாவற்றையும் தமிழில் டைப் செய்து வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மாடியில் மேற்குப் பார்த்த அறையில் டேபிள் போட்டோம். அங்கே திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியே பார்த்தால் மலை தெரியும். மலையைப் பார்த்துக் கொண்டே டைப் செய்ய அவருக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. பங்குனி வெயில் தொடங்கியதும் போன் வந்தது. "மக்கா, சாயங்காலம் ஆனா இது தானா அணைஞ்சு போவுது. மூணு பக்கம் அடிச்சது போச்சு. எனக்கு இது ஒத்து வராது போலிருக்கு" என்றார். தான் எதையோ தவறாக அழுத்திவிட்டதாக அவர் நினைத்துக் கொண்டிருந்தார். சர்வீஸ் செய்ய வந்தவர் வைரஸ் என்று சொல்லி விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தார். அடுத்த வாரம் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று சொல்லி அதையும் மாற்றினார். பணம் செலவானது. பிரச்னை தீரவில்லை.

ஈவென்ட் வியூவர் சொன்ன ரகசியம்

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் திறந்தது விண்டோஸில் உள்ள ஈவென்ட் வியூவர். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்று போனால் அடுத்த முறை இயங்கும்போது "கெர்னல் பவர் 41" என்று ஒரு குறிப்பை அது எழுதி வைக்கும். காரணத்தைச் சொல்லாது. ஆனால் நேரத்தைச் சொல்லும். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. எல்லாக் குறிப்புகளும் மாலை 3 மணிக்குப் பிறகு, 5 மணிக்கு முன்பு. காலையில் ஒன்று கூட இல்லை. மழை பெய்து மேகமாக இருந்த நாட்களிலும் இல்லை. வைரஸுக்கு மழை, வெயில் தெரியாது அல்லவா?

அன்று மாலை 4 மணிக்கு மாடி அறைக்குப் போனேன். கண்ணாடி வழியே வந்த வெயில் நேராக சி.பி.யு. கேபினட் மேல் விழுந்து கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. உள்ளே மின்விசிறியில் தூசி அடைத்திருந்தது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களைப் பெரும்பாலும் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள அறையில் இயக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். இங்கே அறையும் சூடு, கேபினட்டும் வெயிலில். பிராசசர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது தன்னைக் காப்பாற்றிக் கொள்ள கம்ப்யூட்டரை நிறுத்திவிடும். அதைத்தான் அது செய்து கொண்டிருந்தது. தவறு அப்பாவிடமும் இல்லை, கம்ப்யூட்டரிடமும் இல்லை. ஜன்னலில்தான் இருந்தது.

ஒரு ஜன்னல், ஏழு கம்ப்யூட்டர்

ஜன்னல் வழியே எவ்வளவு வெப்பம் வருகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் கண்ணாடி 4 அடிக்கு 4 அடி. அதாவது 16 சதுர அடி, சுமார் ஒன்றரை சதுர மீட்டர். மேகம் இல்லாத நாளில் மாலை 4 மணி அளவில் மேற்குப் பார்த்த ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 600 வாட் சூரிய சக்தி விழும். ஒன்றரை சதுர மீட்டருக்கு 900 வாட். சாதாரணக் கண்ணாடி இதில் ஏறத்தாழ 85 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். ஆக 765 வாட்.

எல்.இ.டி. மானிட்டருடன் கூடிய ஒரு சாதாரண டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் சுமார் 100 வாட் மின்சாரம் எடுக்கும். அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வருகிறது. அப்படியானால் அந்த ஒரு ஜன்னல் வழியே ஏழு கம்ப்யூட்டர் இயங்கும் அளவுக்கு வெப்பம் வருகிறது என்று அர்த்தம். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒற்றைக் கண்ணாடியே சாப்பிட்டுவிடும்.

சூரிய ஒளியில் மூன்று பகுதிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் சுமார் 5 சதவீதம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் 45 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மீதிப் பாதி அகச்சிவப்புக் கதிர்கள். இவை மூன்றுமே உள்ளே வந்து தரையிலும் டேபிளிலும் விழுந்தபின் வெப்பமாக மாறிவிடும். இங்கேதான் கண்ணாடி ஒரு தந்திரம் செய்கிறது. சூரிய ஒளியைச் சுலபமாக உள்ளே விடும். ஆனால் சூடான தரையும் சுவரும் திருப்பி விடும் வெப்பக் கதிர்களை வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் ஜன்னல்களின் திசை

கன்னியாகுமரி மாவட்டம் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், மறுபடி செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். இரண்டு பக்கத்திலும் வெயில் உயரத்திலிருந்து விழுவதால் ஜன்னலுக்கு மேல் உள்ள சன்ஷேடு பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

கிழக்கும் மேற்கும் அப்படி இல்லை. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கும். சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து அறையின் கடைசி வரை வெயில் வரும். காலை வெயில் வரும்போது சுவர்கள் குளிர்ந்திருக்கும். மாலை வெயிலோ நாள் முழுவதும் சூடேறிய வீட்டுக்குள் வருகிறது. எனவே உங்கள் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது மேற்கு ஜன்னல்.

இது புதிய கவலை அல்ல. தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருக்கிறீர்களா? 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊர் அது. நம் மாவட்டத்தில் இருந்தாலும் அரண்மனையைக் கேரள அரசு பராமரித்து வருகிறது. அங்கே பூமுகத்தின் மேல் மாடியில் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை இருக்கிறது. அதன் ஜன்னல்களில் பல நிற மைக்கா தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் மட்டுப்பட்டு வரும். வெப்பமும் தூசியும் குறையும். உச்சி வெயிலில் வெளியே இருந்து உள்ளே போனால் வித்தியாசம் தெரியும். மேலே தாழச் சரிந்த ஓட்டுக் கூரை, பக்கத்தில் மர அழி ஜன்னல், நடுவில் மைக்கா. இன்றைக்கு நாம் கடையில் வாங்கும் பிலிமின் வேலையை அன்றைக்கு மைக்கா செய்திருக்கிறது.

பிலிம் என்பது என்ன?

சன் கன்ட்ரோல் பிலிம் என்பது பாலியெஸ்டர் எனும் பிளாஸ்டிக்கினால் ஆன மெல்லிய தாள். தடிமன் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு பக்கம் பசை. மறு பக்கம் கீறல் விழாமல் இருக்க ஒரு பூச்சு. நடுவில் வெயிலைத் தடுக்கும் அடுக்கு. அமெரிக்காவின் 3 எம் நிறுவனம் 1966-ல் இதற்குக் காப்புரிமை பெற்றது. இந்தியாவிலும் மகாராஷ்டிரத்தில் கார்வாரே நிறுவனம் தயாரிக்கிறது. அந்த நடு அடுக்கு என்ன என்பதை வைத்து இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

சாயம் கலந்த பிலிம்: விலை மிகக் குறைவு. கறுப்பாக இருக்கும். வெளிச்சத்தை உறிஞ்சித் தானே சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி உள்ளே வரும். சில வருடங்களில் சாயம் வெளுத்து ஊதா நிறமாகிவிடக் கூடும்.

உலோகப் பூச்சுள்ள பிலிம்: அலுமினியம் போன்ற உலோகத்தை மிக மெல்லிய படலமாகப் படிய வைத்திருப்பார்கள். கண்ணாடி போலப் பளபளக்கும். வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வெப்பம் நன்றாகக் குறையும்.

செராமிக் பிலிம்: மிக நுண்ணிய செராமிக் துகள்கள் கொண்டது. வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விட்டு அகச்சிவப்பை அதிகம் தடுக்கும். விலை அதிகம்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. உலோகப் பூச்சு ரேடியோ அலைகளையும் ஓரளவு தடுக்கும். ஜன்னல் ஓரத்தில் வைத்த டாங்கிள் அல்லது சிம் போட்ட ரவுட்டர் மூலம் இன்டர்நெட் பயன்படுத்துகிறீர்களா? உலோகப் பிலிம் ஒட்டினால் சிக்னல் குறைய வாய்ப்பு உண்டு. ஒட்டும் முன் ஒரு துண்டு பிலிமைக் கண்ணாடியில் பிடித்து அதன் பின்னால் ரவுட்டரை வைத்துச் சோதித்துக் கொள்ளுங்கள். அல்லது செராமிக் வாங்குங்கள்.

நான் செய்த தவறு

இவ்வளவும் தெரிந்து கொண்ட பிறகு நான் செயலில் இறங்கவில்லை. அவசரப்பட்டேன். கறுப்பாக இருந்தால் வெயில் குறையும் என்று நினைத்து, கிடைத்ததில் மிகக் கறுப்பான, மிக மலிவான சாய பிலிமை வாங்கி நானே ஒட்டினேன். அறை இருட்டாகிவிட்டது. பகலிலேயே டியூப் லைட் போட வேண்டியதாயிற்று. மலை தெரியவில்லை. வெப்பம் கொஞ்சம்தான் குறைந்தது. கண்ணாடி பக்கத்தில் உட்கார்ந்தால் அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பத்தாவது நாள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடு வரை ஒரு விரிசல். கண்ணாடிக் கடை அண்ணாச்சி வந்து பார்த்ததும் சொல்லிவிட்டார். "தம்பி, ஓரத்துல ஏற்கெனவே சின்ன உடைசல் இருந்திருக்கு. கறுப்பு பிலிம் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிடும். நடு சூடாகும், மரச் சட்டத்துக்குள்ள இருக்குற ஓரம் சூடாகாது. அப்புறம் வெடிக்காம என்ன செய்யும்?" அவர் சொன்னது முற்றிலும் சரி. சூடான நடுப்பகுதி விரியப் பார்க்கிறது. குளிர்ந்த ஓரம் விடாமல் பிடிக்கிறது. பலவீனமான இடத்தில் கண்ணாடி பிளந்து விடுகிறது. இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு என்பதை ஒரு கண்ணாடியின் விலை கொடுத்துத் தெரிந்து கொண்டேன்.

ஸ்பெக் படிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, பிராசசர் என்ன என்று பார்க்கிறோம் அல்லவா? பிலிமுக்கும் அதே போல ஸ்பெக் உண்டு. தயாரிப்பாளரின் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

1. வி.எல்.டி. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பது. சாதாரணக் கண்ணாடிக்கு 90-க்கு அருகில் இருக்கும். படிக்கும் அறைக்கு 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது.

2. டி.எஸ்.இ.ஆர். மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பது. இதுதான் உண்மையான மதிப்பெண். 50-க்குக் குறையாமல் பாருங்கள்.

3. எஸ்.எச்.ஜி.சி. மேலே சொன்னதையே தலைகீழாகச் சொல்வது. மொத்தச் சூரிய சக்தியில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை 0 முதல் 1 வரை உள்ள எண்ணாகச் சொல்வார்கள். டி.எஸ்.இ.ஆர். 50 சதவீதம் என்றால் எஸ்.எச்.ஜி.சி. 0.50. குறைவாக இருந்தால் குளிர்ச்சி. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் வீடுகளுக்காகக் கொண்டு வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதிகளிலும் இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

4. யு.வி. தடுப்பு. நல்ல பிலிம்கள் 99 சதவீதம் வரை தடுக்கும். புத்தக அட்டை, திரைச்சீலை நிறம் வெளுப்பது தாமதப்படும். அடியோடு நிற்காது. ஏனெனில் சாதாரண வெளிச்சமும் நிறத்தை வெளுக்கச் செய்யும்.

இன்னொரு எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். "97 சதவீத ஐ.ஆர். தடுப்பு" என்பது போல. இதில் ஏமாற வேண்டாம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அட்டைப் பெட்டிகளில் "1200 வாட் பி.எம்.பி.ஓ." என்று போட்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா? உண்மையில் அந்த ஸ்பீக்கர் சில வாட்கள்தான் தரும். ஐ.ஆர். எண்ணும் பல நேரங்களில் அப்படித்தான். அகச்சிவப்பின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் அளந்து சொல்வார்கள். அகச்சிவப்பே மொத்தத்தில் பாதிதான் என்பதையும் மறக்க வேண்டாம். டி.எஸ்.இ.ஆர். எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

காசு மிச்சமாகுமா?

இப்போது முக்கியமான கேள்வி. சாதாரணக் கண்ணாடி 85 சதவீதத்தை விடுகிறது. 50 சதவீதம் தடுக்கும் பிலிம் ஒட்டியபின் 50 சதவீதத்தை விடுகிறது. வித்தியாசம் 35 சதவீதம். எங்கள் ஜன்னலில் மாலை 4 மணிக்கு 765 வாட் வந்தது 450 வாட்டாகக் குறையும். மூன்று கம்ப்யூட்டரை அணைத்தது போல.

ஆனால் மின்கட்டணம் வேறு கணக்கு. நல்ல வெயில் நாளில் மதியத்திலிருந்து மாலை வரை ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமாக 2 யூனிட் வெப்பம் விழுவதாக வைப்போம். எங்கள் கண்ணாடிக்கு 3 யூனிட். பிலிம் மிச்சப்படுத்துவது ஒரு யூனிட் வெப்பம். ஒரு யூனிட் வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி.க்கு ஒரு யூனிட் மின்சாரம் தேவைப்படாது. ஏறத்தாழ 0.3 யூனிட் போதும். வருடத்தில் 100 நாள் மதியத்தில் ஏ.சி. போட்டால் 30 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 180 ரூபாய். பிலிம் சதுர அடிக்கு 100 ரூபாய் என்றால் 16 சதுர அடிக்கு 1,600 ரூபாய். போட்ட காசு திரும்ப ஒன்பது வருடம் ஆகும். பகலில் ஏ.சி. போடாத வீட்டில் மின்கட்டணத்தில் ஒரு ரூபாய் கூடக் குறையாது. "பிலிம் ஒட்டினால் கரன்ட் பில் பாதியாகும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதே பிலிமை ஒரு கடைக்கு ஒட்டிப் பாருங்கள். மேற்குப் பார்த்த முகப்பு, 10 அடிக்கு 8 அடி கண்ணாடி, பகல் முழுவதும் ஏ.சி. கண்ணாடி 80 சதுர அடி, அதாவது 7.4 சதுர மீட்டர். வெயில் நாளில் சுமார் 5 யூனிட் வெப்பம் குறையும். மின்சாரத்தில் ஒன்றரை யூனிட். வருடத்தில் 200 வெயில் நாள் என்றால் 300 யூனிட். கடைகளுக்கு யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 2,700 ரூபாய். செலவு 8,000 ரூபாய். மூன்று வருடத்தில் காசு திரும்பிவிடும். அதன்பின் லாபம்தான். வங்கி, கிளினிக், கம்ப்யூட்டர் சென்டர் போன்ற இடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

வெளிநாட்டில் பெரிய அளவில் இதைச் செய்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 1931-ல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 6,514 ஜன்னல்கள் உண்டு. 2010-ல் அவற்றைக் கழற்றி, அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலேயே ஒரு பட்டறை அமைத்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பிலிமை நிறுத்தி, வாயு நிரப்பி மறுபடி பொருத்தினார்கள். பழைய கண்ணாடியைத் தூக்கி எறியவில்லை. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்பப் பயன்படுத்தினார்கள். கூடவே ஏ.சி., விளக்கு, கன்ட்ரோல் எல்லாவற்றையும் சீரமைத்தார்கள். பிலிம் தனியாக அற்புதம் செய்வதில்லை, மற்ற வேலைகளோடு சேர்ந்தால்தான் பலன் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஜன்னல் கதவைத் திறந்து வைப்பதுதான் வழக்கம். ஈரப்பதம் அதிகம் உள்ள நம் ஊரில் காற்று வந்தால்தான் வியர்வை உலரும். திறந்து கிடக்கும் கதவில் பிலிம் ஒட்டி என்ன பயன்? வெயில் திறந்த வழியே நேராக உள்ளே வந்துவிடும். எனவே திறக்காத கண்ணாடி, ஏ.சி. அறையின் மூடிய ஜன்னல், மாடிப்படி கண்ணாடி, கடை முகப்பு ஆகியவற்றுக்கு மட்டும் பிலிமை யோசியுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே நிழல் தர வழி இருந்தால் அதுதான் முதல் வைத்தியம். பிலிம் வெயிலைக் கண்ணாடியில் தடுக்கிறது. வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ ஓலைக் கிடுகோ கண்ணாடிக்கு வரும் முன்பே தடுத்துவிடும். செலவும் குறைவு. உள்ளே தொங்கும் திரைச்சீலை மூன்றாவது இடம்தான். ஏனெனில் வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. எங்களுக்கு மலை தெரிய வேண்டும், தட்டி போட முடியாது. அதனால்தான் பிலிம்.

இன்னொன்று. நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். மேகம் மூடிய நாட்களில் பிலிம் தரும் பலன் குறைவு. அறையை இருட்டாக்குவது மட்டும் மிச்சம். வெளிச்சம் குறைவான பிலிம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒட்டும் முறை

பெரிய கண்ணாடி என்றால் பழகிய ஆளை வைத்து ஒட்டுங்கள். சிறிய கண்ணாடியில் நீங்களே முயன்று பார்க்கலாம்.

1. கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். வெளிப்பக்கம் ஒட்டத் தனி பிலிம் உண்டு. கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு அதன் ஆயுள் குறையும்.

2. உங்கள் ஜன்னலில் இருப்பது புள்ளி புள்ளியாக மேடு பள்ளம் உள்ள கண்ணாடியா? மேடு பள்ளம் உள்பக்கம் இருந்தால் பிலிம் ஒட்டாது. வழவழப்பான பக்கம்தான் வேண்டும்.

3. ஓரத்தில் உடைசல் உள்ள கண்ணாடி, உள்ளே கம்பி வலை பதித்த கண்ணாடி, ஏற்கெனவே நிறம் ஏற்றிய கண்ணாடி ஆகியவற்றில் தயாரிப்பாளரைக் கேட்காமல் ஒட்ட வேண்டாம். அனுபவித்தவன் சொல்கிறேன்.

4. மின்விசிறியை நிறுத்துங்கள். தூசி ஒட்டினால் அப்படியே தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி ஷாம்பு கலந்து ஸ்பிரே பாட்டிலில் எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணாடியை நனைத்து, பிளேடால் பழைய பெயின்ட் துளிகளைச் சுரண்டி, நன்றாகத் துடையுங்கள்.

5. கண்ணாடியை விட ஒரு அங்குலம் பெரிதாக பிலிமை வெட்டுங்கள். பிலிமின் ஒரு மூலையில் முன்னும் பின்னும் செல்லோ டேப் ஒட்டி இழுத்தால் பாதுகாப்புத் தாள் பிரியும்.

6. கண்ணாடி, பசைப்பக்கம் இரண்டையும் தாராளமாக நனைத்து பிலிமை வைத்து நகர்த்திச் சரி செய்யுங்கள். ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டுங்கள்.

7. முதலில் சில நீர்க்குமிழிகள் தெரியும். பயப்பட வேண்டாம். முழுவதும் உலர ஒரு மாதம் வரை ஆகலாம். அதுவரை துடைக்காதீர்கள். அதன்பிறகும் அமோனியா கலந்த திரவங்களைத் தவிர்த்து, மென்மையான துணியால் துடையுங்கள்.

சில சந்தேகங்கள்

பிலிமுக்குத் தடை இருக்கிறதே? 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிமுக்குத் தடை விதித்தது வாகனக் கண்ணாடிகளுக்கு. அது வீட்டு ஜன்னலுக்குப் பொருந்தாது.

பளபளக்கும் பிலிம் ஒட்டினால் வெளியில் இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாதா? பகலில் தெரியாது. இரவில் உள்ளே லைட் போட்டால் நன்றாகத் தெரியும். எனவே திரைச்சீலையைக் கழற்றிவிட வேண்டாம்.

காசில்லாமல் செய்யக் கூடியவை

பிலிம் வாங்கும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள். கேபினட் மேல் வெயில் விழாத இடத்துக்கு டேபிளை மாற்றுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிராகவோ முதுகாகவோ மானிட்டரை வைக்காமல் பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள். திரையில் கூச்சம் குறையும். கேபினட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, மின்விசிறியில் உள்ள தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஸ்டார்ட் – செட்டிங்ஸ் – சிஸ்டம் – பவர் பகுதிக்குச் சென்று, பத்து நிமிடம் பயன்படுத்தாவிட்டால் ஸ்கிரீன் அணையும்படியும், அரை மணி நேரத்தில் ஸ்லீப் ஆகும்படியும் அமைத்துவிடுங்கள். அறைக்குள் வெப்பமும் குறையும், மின்சாரமும் மிச்சமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, டைப் செய்யும்போது இடையிடையே கன்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி சேவ் செய்யும் பழக்கத்தை ஏற்படுத்திக் கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் டேபிளை மாற்றித் தூசி தட்டியதுமே தானாக அணைவது நின்றுவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது பிலிம் அல்ல. ஆனால் அந்த அறையில் மாலையில் மனிதர் உட்கார முடியவில்லை. புதுக் கண்ணாடி போட்டு, வி.எல்.டி. 40-க்கு மேலுள்ள செராமிக் பிலிமை அண்ணாச்சி ஒட்டிக் கொடுத்த பிறகு உட்கார முடிகிறது. கரன்ட் பில்லில் மிச்சம் எதுவும் இல்லை, ஏனெனில் அங்கே ஏ.சி.யே இல்லை. அப்பா இப்போது மாலை 4 மணிக்கும் அங்கே உட்கார்ந்து டைப் செய்கிறார். மலையும் தெரிகிறது. குளத்துத் தண்ணீர் பங்கு வைத்த கதை முப்பதாவது பக்கத்தைத் தாண்டிவிட்டது.

உங்கள் கம்ப்யூட்டர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தொல்லை தருகிறதா? விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யும் முன் அந்த நேரத்தில் அறைக்குள் வெயில் எங்கே விழுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.